மெகலோடன் பல் வாங்குமுன் கடற்கரையில் கொஞ்சம் குனியுங்கள்

சுறாப் பல் புதைபடிவம் சேர்க்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் தப்பான முனையில்தான் தொடங்குகிறார்கள். இணையத்தில் உள்ளங்கை அகலத்துக்கு, மெகலோடன் என்ற அழிந்துபோன ராட்சதச் சுறாவின் பல்லைப் பார்க்கிறார்கள், மயங்குகிறார்கள், பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். வந்து சேர்ந்தது பாதி பல், பாதி பசை என்பது வெகுநாள் கழித்து விவரம் தெரிந்த யாராவது சொன்ன பிறகுதான் தெரியவரும்.

நான் சொல்லப்போகும் வரிசை இதற்கு நேர்மாறானது. முதலில் சின்னப் பற்களை நீங்களே பொறுக்குங்கள். அப்புறம் விலை குறைந்த அசல் பற்கள் சிலவற்றை வாங்கிப் பழகுங்கள். பெரிய பல் கடைசியில். அசல் பற்களைத் தொட்டுத் தொட்டுப் பழகிய விரலுக்குப் போலியைத் தொட்டதுமே ஏதோ உறுத்தும். அந்த உறுத்தலை எந்தச் சான்றிதழும் தராது.

முதலில் கொஞ்சம் அடிப்படை

சுறாவுக்கு எலும்பு கிடையாது, உடம்புச் சட்டகம் முழுக்கக் குருத்தெலும்பு. செத்தால் அது சீக்கிரம் சிதைந்துவிடும். பல் அப்படியல்ல. அதோடு சுறாவுக்குப் பல் விழுவதும், பின்வரிசையிலிருந்து புதுப்பல் முன்னால் நகர்ந்து வருவதும் ஆயுள் முழுக்க நடக்கும் வேலை. ஒரே சுறா தன் வாழ்நாளில் ஆயிரக்கணக்கான பற்களை உதிர்த்துவிடும். கோடிக்கணக்கான ஆண்டுகள் இப்படி உதிர்ந்தவை கடலடிச் சேற்றில் புதைந்து கிடக்கின்றன. அதனால்தான் சாதாரண சுறாப் பல் புதைபடிவம் அவ்வளவு அரிய பொருள் அல்ல. யாராவது சின்னப் பல் ஒன்றைக் காட்டி "உலகத்திலேயே அபூர்வம்" என்றால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம்.

புதைந்த பல்லின் நுண்துளைகளில் தண்ணீரில் கரைந்திருக்கும் கனிமங்கள் மெல்ல ஏறுகின்றன. பல்லின் நிறத்தைத் தீர்மானிப்பது அந்த மண்தான். புளோரிடாவின் பாஸ்பேட் நிறைந்த படிவுகளில் கிடந்தவை பெரும்பாலும் கறுப்பாகவோ சாம்பலாகவோ இருக்கும். மொராக்கோவிலிருந்து வருபவை தேன் நிறம், வேர் மட்டும் வெளிர் மஞ்சள். கலிபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்டு பக்கம் பழுப்பும் ஆரஞ்சும். ஆகவே கறுப்பாக இருந்தால் வயது அதிகம் என்பது வெறும் கட்டுக்கதை. பாலைப்போல வெள்ளையாக இருந்தால் மட்டும் சந்தேகப்படுங்கள். அது அநேகமாக இன்றைய சுறாவின் பல்.

இவை சுறாவின் பற்கள்தாம் என்று மனிதர்கள் ஏற்றுக்கொள்ளவே நெடுநாள் பிடித்தது. பாறைக்குள்ளிருந்து கிடைத்தவற்றைக் கல்லாகிப்போன நாக்கு என்றே ஐரோப்பாவில் நம்பினார்கள். 1666இல் இத்தாலியின் லிவோர்னோ அருகே பிடிபட்ட ஒரு பெரிய சுறாவின் தலையை நிக்கோலஸ் ஸ்டெனோ அறுத்துப் பார்த்து, அதன் பற்களையும் இந்தக் கல் நாக்குகளையும் ஒப்பிட்டு, மறு ஆண்டே எழுதி வெளியிட்டார். புவியியலுக்கே அடித்தளம் போட்டவர்களில் ஒருவர் அவர்.

பல்லின் பாகங்களை இப்போதே தெரிந்துகொண்டால் பின்னால் உதவும். கூரான மேல்பாகம் பளபளப்பான எனாமல் போர்த்தியது. கீழே சொரசொரப்பான வேர், இரண்டு கிளையாகப் பிரிந்திருக்கும். விளிம்பில் சில இனங்களுக்கு ரம்பம் போன்ற அரம் உண்டு, சிலவற்றுக்கு வழவழப்பு. மெகலோடன் வகைப் பற்களின் உட்புறத்தில், எனாமலுக்கும் வேருக்கும் நடுவே, விரிந்த அம்புத் தலை வடிவில் ஒரு கருத்த பட்டை இருக்கும். சேகரிப்பாளர்கள் அதை பூர்லெட் என்பார்கள். விலை பேசும்போது இந்தப் பட்டை முழுசாக இருக்கிறதா என்பது பெரிய விஷயம்.

எங்கே தேடுவது

உலகம் முழுக்க இடங்கள் உண்டு. ஆனால் புதியவர் எளிதாகப் போய், சட்டச் சிக்கல் இல்லாமல், வெறுங்கையோடு திரும்பாமல் வர அமெரிக்காவின் கிழக்கு மாநிலங்கள்தான் தோது.

முதல் இடம் புளோரிடாவின் வெனிஸ். மெக்சிகோ வளைகுடாவைப் பார்த்த சின்ன ஊர். 'உலகின் சுறாப் பல் தலைநகரம்' என்று தானே பட்டம் சூட்டிக்கொண்டிருக்கிறது, பொய்யும் இல்லை. கரைக்கு அப்பால் கடலடியில் இருக்கும் பழைய படிவுகளை அலை அரித்து, பற்களைக் கொண்டுவந்து மணலில் போட்டுக்கொண்டே இருக்கிறது. ஊருக்குத் தெற்கே இருக்கும் காஸ்பர்சன் கடற்கரைக்குத்தான் பலரும் போவார்கள். கரையில் கிடைப்பவை பெரும்பாலும் விரல் நகத்தளவு, அதற்கும் சிறியவை. பெரிய மெகலோடன் பற்கள் கரையிலிருந்து தள்ளி, முக்குளிப்பவர்களுக்குக் கிடைப்பவை. அதை மனதில் வைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம் இருக்காது.

தேடும் முறை இதுதான்:

1. நீர்மட்டம் இறங்கும் நேரத்தைப் பார்த்துக் கிளம்புங்கள். புயலோ பலத்த காற்றோ அடித்த மறுநாள் என்றால் இன்னும் நல்லது.

2. வழவழப்பான வெறும் மணலில் நேரத்தைக் கழிக்காதீர்கள். தண்ணீர் பொருள்களை எடை பார்த்துப் பிரித்துப் போடும். சிப்பித் துண்டும் கறுப்புக் கூழாங்கல்லும் குவிந்து கிடக்கும் வரிசையில்தான் பல்லும் கிடக்கும். அலை வந்து உடையும் இடத்தில் காலடியில் சரளை தட்டுப்பட்டால் அங்கேயே நில்லுங்கள்.

3. அந்தச் சரளையைச் சல்லடையில் அள்ளிச் சலியுங்கள். வெனிஸில் நீளக் கைப்பிடி வைத்த கம்பிக்கூடை வாடகைக்கே கிடைக்கும். பனியே பெய்யாத ஊரில் அதற்குப் 'பனி அள்ளும் மண்வெட்டி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள், குசும்புக்காரர்கள். சல்லடை வாங்குவதானால் கால் அங்குலக் கண் போதும். மிகச் சின்னப் பற்களும் வேண்டுமென்றால் இன்னும் நெருக்கமான கண்.

4. கண்ணுக்கு இரண்டு அடையாளங்களைச் சொல்லிக்கொடுங்கள்: எனாமலின் மினுமினுப்பு, அதோடு இரண்டு பக்கமும் ஒத்துப்போகும் வடிவம். கறுப்புச் சிப்பித் துண்டும் பளபளக்கும், ஆனால் அதற்கு வேர் கிடையாது. காலைச் சூரியன் சாய்வாக விழும்போது மினுமினுப்பு நன்றாகத் தெரியும்.

முதல் அரைமணி நேரம் ஒன்றும் தென்படாது. ஒன்று கிடைத்துவிட்டால் அடுத்தடுத்துக் கிடைக்கும். அதிர்ஷ்டம் ஒன்றும் இல்லை, கண் பழகிவிட்டது, அவ்வளவுதான். தட்டையாக, வரிவரியாகக் கோடு போட்ட கறுப்புத் துண்டுகளும் சல்லடையில் நிறைய வரும். அவை திருக்கை மீனின் பல்தட்டுகள், தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இன்னொன்று: அங்கே வெதுவெதுப்பான மாதங்களில் ஆழமில்லாத நீரில் உயிருள்ள திருக்கையும் படுத்திருக்கும். காலைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்துத் தேய்த்து நடந்தால் அது விலகிப்போய்விடும்.

அடுத்தது மேரிலாந்தின் கால்வெர்ட் குன்றுகள். செசபீக் விரிகுடாவின் மேற்குக் கரையில் சுவர் மாதிரி எழுந்து நிற்கும் மண்குன்றுகள். ஏறத்தாழ 80 லட்சம் முதல் 2 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கடலடி அது. 2022 கிறிஸ்துமஸ் அன்று ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி அந்தக் கரையோரத் தண்ணீரில் 5 அங்குல மெகலோடன் பல்லைக் கண்டெடுத்த செய்தி உலகெங்கும் ஓடியது. அதைப் படித்துவிட்டுக் கிளம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: குன்றின் அடிவாரத்தில் நிற்கக் கூடாது, குன்றைத் தோண்டவும் கூடாது. விதி இருப்பது ஒருபுறம். அந்த மண் எந்த அறிவிப்பும் இல்லாமல் சரிந்து விழும். கால்வெர்ட் கிளிஃப்ஸ் ஸ்டேட் பார்க்கில் வண்டியை நிறுத்திவிட்டுக் காட்டுப்பாதையில் ஏறக்குறைய 3 கிலோமீட்டர் நடந்தால் திறந்த கடற்கரை வரும். அங்கே கிடைப்பதை எடுத்துக்கொள்ளலாம். பக்கத்திலேயே ஃபிளாக் பாண்ட்ஸ் என்று இன்னொரு பூங்கா இருக்கிறது, குழந்தைகளோடு போகிறவர்களுக்கு அது வசதி. குளிர்காலத்தில் வடமேற்குக் காற்று பலமாக அடித்தால் விரிகுடாவின் தண்ணீர் உள்வாங்கும். கை விறைத்தாலும் தேடுவதற்கு அதுதான் நல்ல நாள். சாலமன்ஸ் ஊரிலிருக்கும் கால்வெர்ட் மரைன் மியூசியத்தைக் கடற்கரைக்கு முன்னால் பார்த்துவிடுங்கள். எதைத் தேடுகிறோம் என்பது தெளிவாகிவிடும்.

மற்ற இடங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வட கரோலினாவின் அரோராவில் ஒரு புதைபடிவ மியூசியம் உண்டு. பக்கத்துப் பாஸ்பேட் சுரங்கத்தில் கழித்த மண்ணைக் கொண்டுவந்து மியூசியத்துக்கு எதிரே கொட்டி வைத்திருக்கிறார்கள், யாரும் உட்கார்ந்து கிளறலாம். சின்னப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. புளோரிடாவின் பீஸ் ஆற்றில் நீர் வற்றும் மாதங்களில் முழங்கால் ஆழத்தில் நின்று சலிக்கலாம். முதலை இனமான அலிகேட்டர்கள் உள்ள ஆறு என்பதை மறக்க வேண்டாம். பேக்கர்ஸ்ஃபீல்டு அருகேயுள்ள ஷார்க்டூத் ஹில் பகுதியில் கட்டணம் கட்டித் தோண்டலாம், சுமார் ஒன்றரைக் கோடி ஆண்டுப் பழமையான மேக்கோ சுறாப் பற்கள் அழகழகாகக் கிடைக்கும். ஆனால் அந்த மண்ணின் தூசியில் 'வேலி ஃபீவர்' என்ற நுரையீரல் நோயை உண்டாக்கும் பூஞ்சை இருக்கிறது. தூசி பறக்கும் நாளில் போகாதீர்கள், நல்ல முகக்கவசம் இல்லாமல் தோண்டாதீர்கள். இங்கிலாந்தில் இருப்பவர்களுக்கு ஷெப்பி தீவும் ஹெர்ன் பே பக்கத்துக் கரையும் இருக்கின்றன.

நம்ம ஊரில் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. அரியலூர், பெரம்பலூர் வட்டாரம் ஒரு காலத்தில் கடல். காரை பகுதிக் களிமண்ணில் ஏறக்குறைய 10 கோடி ஆண்டுப் பழமையான சுறாப் பற்களை ஆய்வாளர்கள் எடுத்திருக்கிறார்கள். அவற்றில் டைகோடஸ் என்ற சுறாவின் பல் விசேஷமானது. கூரே இருக்காது, ஓடுள்ள பிராணிகளை நொறுக்கித் தின்பதற்கான தட்டைப் பல். ஒடிசாவின் பாரிபதா படிவுகளில் மெகலோடன் பல்லே கிடைத்திருக்கிறது. இவையெல்லாம் ஆய்வுக்கான இடங்கள், பை நிறைய அள்ளி வருவதற்கல்ல. அரியலூர் பக்கம் போனால் வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

எடுக்கலாமா, கூடாதா

இதைக் கேட்காமலே பலர் கிளம்பிவிடுகிறார்கள். விதி இடத்துக்கு இடம் மாறும். புளோரிடாவில் அரசு நிலத்திலும் ஆற்றுப்படுகையிலும் முதுகெலும்புப் பிராணிகளின் புதைபடிவம் எடுக்க அனுமதிச் சீட்டு வேண்டும். சுறாப் பல்லுக்கு மட்டும் அதிலிருந்து விலக்கு. ஆனால் பீஸ் ஆற்றில் பல் சலிக்கும்போதே யானை இனத்தின் எலும்போ குதிரைப் பல்லோ சேர்ந்து வரும். ஆகவே சீட்டை வாங்கிவிடுவதே நல்லது. தென் கரோலினாவில் ஆற்றடியிலிருந்தும் கடலடியிலிருந்தும் எடுக்கப் பொழுதுபோக்கு உரிமம் கட்டாயம், கிடைத்ததைப் பற்றி அறிக்கையும் தர வேண்டும். தேசியப் பூங்காக்களில் எதையும் தொடக் கூடாது. தனியார் நிலம் என்றால் உரிமையாளரிடம் கேளுங்கள்.

வாங்குகிறவர்களுக்கும் இது பொருந்தும். பெரு, சிலி இரண்டும் புதைபடிவங்களை நாட்டின் சொத்தாக வைத்திருக்கின்றன, வெளியே கொண்டுபோகத் தடை. பெருவின் இகா பாலைவனத்திலிருந்து வந்த பற்கள் நிறத்தில் மனதை அள்ளும், சந்தையிலும் இருக்கின்றன. தடைக்கு முன்பே வெளியே வந்தது என்று விற்பவர் சொல்வார். அதற்குக் காகிதம் காட்ட முடியாவிட்டால் நான் தொடமாட்டேன்.

பழகுவதற்கு வாங்கும் முதல் பற்கள்

கரையில் கிடைத்த குட்டிப் பற்கள் கையில் இருக்கின்றன. சரி, இனி கொஞ்சம் செலவு செய்யலாம். முதலில் வாங்க வேண்டியவை மொராக்கோவின் கூரிப்கா பாஸ்பேட் பகுதியிலிருந்து வரும் ஓட்டோடஸ் பற்கள். மெகலோடனின் முன்னோர் வரிசையில் வருவது, ஏறக்குறைய 5 முதல் 6 கோடி ஆண்டுப் பழமை, கூரின் இரு பக்கமும் குட்டிக் கூர் ஒவ்வொன்று. சுரங்கத்தில் ஏராளமாகக் கிடைப்பதால் விலை குறைவு. கூடவே மேக்கோ, புலிச் சுறா, ஹெமிப்ரிஸ்டிஸ் என்று வகைக்கு ஒன்று வாங்குங்கள். மேக்கோவுக்கு விளிம்பு கத்திபோல வழவழப்பு. புலிச் சுறாவின் பல் சேவல் கொண்டைபோல ஒரு பக்கம் சாய்ந்து, நடுவில் வெட்டுப்பட்டிருக்கும். ஹெமிப்ரிஸ்டிஸின் விளிம்பில் அரம் முரட்டுத்தனமாக இருக்கும், நுனிக்குக் கொஞ்சம் முன்பே நின்றுவிடும்.

அடுத்து, உடைந்த மெகலோடன் பல் ஒன்று. ஆமாம், உடைந்ததுதான். பாதி வேர் போனது, எனாமல் உரிந்தது என்று மலிவாக விற்பார்கள். உடைந்த பல்லை யாரும் போலியாகச் செய்து விற்கப் பாடுபடமாட்டார்கள் என்பதால் அது அசலாக இருக்க வாய்ப்பு மிக அதிகம். உடைந்த இடத்தில் உள்கட்டமைப்பு தெரியும். எனாமலின் கனம் எவ்வளவு, வேரின் துளைகள் எப்படி இருக்கும், உள்ளே நிறம் எப்படி மாறுகிறது, எல்லாம் கண்ணால் பார்க்கலாம். என் கணக்கில் இந்த உடைந்த பல்தான் இந்தப் பொழுதுபோக்கின் மிகச் சிறந்த பாடப்புத்தகம்.

பெரிய பல் வாங்கும்போது

மெகலோடன் சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் தோன்றி, சுமார் 36 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அழிந்துபோனது. சந்தையில் சாதாரணமாகப் புழங்குபவை 3 முதல் 5 அங்குலம். 6 அங்குலத்தைத் தாண்டினால் அரிது, 7 அங்குலம் தொடுபவை கைவிட்டு எண்ணக்கூடியவை. விலை அளவோடு சீராக ஏறாது. ஒவ்வொரு அங்குலத்துக்கும் மடங்காகத் தாவும். அதனால்தான் ஏமாற்று வேலையும் பெரிய அளவுகளில் குவிகிறது. நல்ல 4 அங்குலப் பல், சுமாரான 6 அங்குலப் பல்லைவிட மேசையில் அழகாக இருக்கும் என்பது என் அபிப்பிராயம். பெரிதாக ஆசைப்படுகிறவர்கள் ஒப்புக்கொள்ளமாட்டார்கள்.

அளவு எப்படி எடுத்தார்கள் என்று முதலில் கேளுங்கள். நுனியிலிருந்து வேரின் தூரமான மூலைவரை சாய்வாக அளப்பது வழக்கம். அகலத்தை அளந்து அதை உயரம்போலப் போடுகிறவர்களும் உண்டு. அளவுகோலைப் பக்கத்தில் வைத்து எடுத்த படம் வேண்டும்.

அப்புறம் இந்த ஒரு கேள்வியை எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள்: ஒட்டு வேலை உண்டா, இட்டு நிரப்பிய வேலை உண்டா? இரண்டும் வேறு. இரண்டாக உடைந்த அசல் பல்லைத் திரும்ப ஒட்டுவது ரிப்பேர். இல்லாமல் போன நுனியையோ வேரையோ அரத்தையோ பசைக்கலவையால் செய்து வண்ணம் அடிப்பது ரீஸ்டோர். இரண்டிலும் தப்பில்லை, சொல்லிவிட்டு அதற்கேற்ற விலைக்கு விற்றால். மறைப்பதுதான் மோசடி. 'இயற்கையானது', 'நூறு சதவீதம் அசல் புதைபடிவம்' போன்ற பதில்களை ஏற்காதீர்கள். பாதியைப் பசையால் கட்டிய பல்லையும் அப்படிச் சொல்லி விற்கலாம்.

கேட்க வேண்டிய படங்கள்: முன்பக்கம், பின்பக்கம், இரு விளிம்பும் நெருக்கத்தில், வேரின் அடிப்பாகம், பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒன்று. பல் எந்த ஊரில், எந்த ஆற்றில் கிடைத்தது என்று கேளுங்கள். 'அமெரிக்கா' என்று மட்டும் சொன்னால் போதாது. தென் கரோலினா ஆற்றுப் பல்லுக்கும், வட கரோலினா கடலடியில் 100 அடி ஆழத்தில் முக்குளித்து எடுத்த பல்லுக்கும் தோற்றமே வேறு. நாள் கணக்கு சொல்லித் திருப்பி வாங்கிக்கொள்ளும் விற்பனையாளரிடம் மட்டும் பெரிய பணம் போடுங்கள். அசல் என்று அச்சடித்த சான்றிதழுக்கு நான் பைசா மதிப்புத் தரமாட்டேன், பிரிண்டர் வைத்திருக்கும் யாரும் அடிக்கலாம். பல வருடம் ஒரே பெயரில் விற்று, ஒட்டுவேலையைத் தானாகவே படத்தில் அம்புக்குறி போட்டுக் காட்டுகிறவர்தான் நம்பகமானவர்.

கைக்கு வந்ததும் சோதிப்பது

முழுப் போலி என்பது ரெசின் என்ற செயற்கைப் பிசினில் வார்த்தது. அதைக் கண்டுபிடிப்பது எளிது. கையில் எடுத்தால் கனமில்லை, கன்னத்தில் வைத்தால் அசலுக்குரிய கல்லின் குளிர்ச்சி இல்லை. நகைக்கடையில் கண்ணில் இடுக்கிப் பார்க்கும் லூப், பத்து மடங்கு பெரிதாக்குவது, ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ரெசினில் காற்றுக் குமிழிகள் தெரியும், விளிம்பில் அச்சின் தையல் கோடு ஓடும், வேரும் எனாமலும் ஒரே வழவழப்பாக இருக்கும். அசல் வேரில் நுண்துளைகள் ஒழுங்கில்லாமல் இருக்கும், எனாமலில் நெடுக்கு வாட்டில் மயிரிழை வெடிப்புகள் ஓடும்.

கஷ்டம் முழுப் போலியில் இல்லை, பாதிப் போலியில்தான். இதைக் கண்டுபிடிக்க மூன்று வழி சொல்கிறேன்.

கள்ளநோட்டுப் பார்க்கும் புற ஊதா டார்ச்சை இருட்டறையில் அடியுங்கள். பசையும் நிரப்புக் கலவையும் பல்லின் மற்ற பகுதியிலிருந்து மாறுபட்டு, பெரும்பாலும் பளீரென்று ஒளிரும். எல்லாப் பசையும் ஒளிராது என்பதால் ஒளிரவில்லை என்றால் சுத்தம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

லூப் வைத்து விளிம்பின் அரத்தை முழு நீளமும் தொடருங்கள். இயற்கை அரம் தேய்ந்தும் ஆங்காங்கே உடைந்தும் இருக்கும். நுனியிலிருந்து அடிவரை எண்ணி வைத்தது போல் ஒரே சீராக, கூராக இருந்தால் யாரோ ராவியிருக்கிறார்கள். எனாமல் உரிந்துபோன இடத்திலும் அரம் தொடர்ந்தால் சந்தேகமே வேண்டாம்.

பூர்லெட் பட்டையையும் வேரையும் நகத்தால் மெதுவாகத் தடவுங்கள். வண்ணம் அடித்த இடம் சற்று வழுக்கும், துளைகள் மூடியிருக்கும். பஞ்சில் அசிட்டோன் தொட்டு ஓரத்தில் துடைத்தால் வண்ணம் பஞ்சில் ஏறும். நெயில்பாலிஷ் அழிக்கும் திரவத்திலும் இருப்பது பெரும்பாலும் அதுதான். திருப்பிக் கொடுக்க நினைக்கும் பல்லில் இதைச் செய்வதற்கு முன் விற்றவரிடம் சொல்லிவிடுங்கள், பிறகு நீங்கள்தான் கெடுத்தீர்கள் என்பார். பழுக்கக் காய்ச்சிய ஊசியைக் குத்திப் பார்க்கச் சொல்லும் ஆலோசனையும் சுற்றுகிறது. பிளாஸ்டிக் வாடை வரும், உண்மைதான். கூடவே பல்லில் தழும்பும் வரும். தேவையில்லை.

மொராக்கோ மணற்பாறையில் பல் பதிந்திருப்பது போன்ற கட்டிகளைப் பற்றித் தனியாக எச்சரிக்க வேண்டும். பெரும்பாலும் அசல் பற்களை மணலும் பசையும் கலந்த கட்டியில் பதித்துச் செய்தவை. நாலைந்து பற்கள் எல்லாம் கூர் மேலே நிற்க, நடுவில் அழகாக ஒன்று என்று அலங்காரமாக இருந்தால் அது கைவேலை. வேறு வேறு சுறாவின் கூரையும் வேரையும் ஒட்டி ஒரு பல் ஆக்குவதும் உண்டு. சுறாத் தாடை என்று முழு வரிசையும் பதித்து விற்பதை அலங்காரப் பொருளாக நினைத்து, அந்த விலைக்குக் கிடைத்தால் மட்டும் வாங்கலாம்.

இந்தோனேசியாவின் ஜாவாவிலிருந்து வரும் பெரிய மெகலோடன் பற்களில் பல, பாலிஷ் போட்டவை. கண்ணாடிபோல மின்னும் வேர் இயற்கையில் கிடையாது. பிடித்தால் வாங்குங்கள், ஆனால் பாலிஷ் போடாத பல்லின் விலையைக் கொடுக்காதீர்கள்.

கழுவுவது, வைப்பது

கடலில் கிடைத்த பல்லை அப்படியே உலர்த்தக் கூடாது. துளைக்குள் இருக்கும் உப்பு காய்ந்து படிகமாகி எனாமலை உரிக்கும். நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு, சில நாள் தண்ணீரை மாற்றி மாற்றி வைத்து, நிழலில் மெதுவாகக் காயவிடுங்கள். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷே தேய்க்கப் போதும். ஒட்டியிருக்கும் கொட்டலசு என்ற சின்ன ஓட்டுயிர்களை மரக்குச்சியால் நெம்பி எடுங்கள். வினிகர், எலுமிச்சை, பிளீச் எதுவும் வேண்டாம். பல் கால்சியம் பாஸ்பேட்டால் ஆனது, அமிலம் அதைத் தின்றுவிடும். மொராக்கோப் பற்களின் வேர் பொரிந்து உதிரும் தன்மை கொண்டது, அதிகம் ஊறப்போட வேண்டாம். உதிரும் வேரை இறுக்க, அருங்காட்சியகங்களில் பயன்படுத்தும் பாரலாய்டு பி-72 என்ற பிசினை அசிட்டோனில் நீர்க்கக் கரைத்துத் தடவலாம். பின்னால் வேண்டாமென்றால் அசிட்டோனாலேயே கரைத்து எடுத்துவிடலாம் என்பது அதன் வசதி. சூப்பர் குளூவில் அந்த வசதி எளிதில் கிடைக்காது.

ஒவ்வொரு பல்லையும் தனிப் பெட்டியிலோ தடுப்புள்ள தட்டிலோ வையுங்கள், ஒன்றோடொன்று உரசினால் நுனி போய்விடும். கூடவே ஒரு சீட்டு: எந்த இடம், எந்தத் தேதி, யார் எடுத்தது அல்லது யாரிடம் வாங்கியது, என்ன ஒட்டுவேலை இருக்கிறது. எடுத்த அன்றே எழுதுங்கள். இரண்டு ஊர்ப் பற்கள் ஒரே டப்பாவில் கலந்துவிட்டால் திரும்பப் பிரிக்க முடியாது. இடம் தெரியாத பல்லுக்கு ஆய்வு மதிப்பும் இல்லை, விற்கும்போது விலையும் இல்லை.

எப்போதாவது ஒரே இடத்தில், ஒரே அளவில், பல பற்கள் வட்டத் தட்டு வடிவ முதுகுத்தண்டுத் துண்டுகளோடு சேர்ந்து கிடந்தால் கையை எடுத்துவிடுங்கள். ஒரே சுறாவின் எச்சமாக இருக்கலாம், அது மிக அரிது. படம் எடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு, அருகிலிருக்கும் மியூசியத்துக்குத் தகவல் சொல்லுங்கள். அவர்கள் வந்து பார்க்கும்வரை ஒரு பல்லைக்கூட நகர்த்த வேண்டாம்.